மூன்று விரல் நுழையாத வாய்!

அஸ்தம்பட்டியில் கல்யாணம் என்றாலும் சரி, ஆத்தூரில் கல்யாணம் என்றாலும் சரி, சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை பாக்குத் தட்டு வந்துவிடும். ஒரு நாள் மெல்லுகிறவர் மறுநாள் மறந்துவிடுவார்.

பொழுது விடிந்தது முதல் பாக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே இருப்பவர் கதை வேறு!

முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னம் விறைக்கும். நாளாக ஆக வாயே திறக்காது. சோற்று உருண்டை நுழையவும் இடம் இராது.

கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் 5 பேரிடம் இந்த நோயை 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற டாக்டர் கண்டார். மறு ஆண்டே பம்பாய் டாக்டர் ஜோஷி இதைப் பற்றி எழுதினார்.

இது எப்படி வருகிறது?

உடலின் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று கடிதம் போடுகின்றன! ஓர் அணு வெளியே விடும் புரதம்தான் கடிதம். இன்னோர் அணுவின் மேற்புறத்தில் இருக்கும் ‘ஏற்பி’தான் தபால் பெட்டி. ஒரு பெட்டி தனக்கு உரிய கடிதத்தை மட்டுமே வாங்கும்.

முள் குத்திய இடம் சிவந்து வீங்குவது இந்தக் கடிதங்களால்தான். ‘டி.ஜி.எப். பீட்டா’ என்ற புரதம், ‘நார் நெய்து புண்ணை அடை’ என்று சொல்லும். புண் ஆறியதும் அது அடங்கிவிடும்.

பாக்கு மெல்லுகிறவர் வாயில் அடங்குவதில்லை. தினமும் கடிதம், தினமும் நார்! கன்னம் பலகையாகிறது.

இவர்களில் சிலருக்குப் புற்றுநோயும் வருகிறது.

‘வளர்’ என்று சொல்லும் புரதம் ஒன்றும் உண்டு. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன். அதை ஊசி போட்டதும், பிறந்த எலிக்குஞ்சுகள் நாளாகும் முன்பே கண் திறந்தன! 1986-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வாய்ப் புற்றுநோய் அணுக்கள் பலவற்றில் இந்தப் புரதத்தை வாங்கும் பெட்டிகள் அளவுக்கு மீறி இருக்கின்றன. பெட்டியின் வாயை அடைக்கும் ‘நிமோட்டுசுமாப்’ என்ற மருந்தைப் பெங்களூர் பயோகான் கம்பெனி 2006-ல் கொண்டுவந்தது.

புகையிலைதான் விஷம், பாக்கு மங்கலப் பொருள் என்று வீட்டுக்கு வீடு சொல்லுகிறார்கள். இது தவறு. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் கூறிவிட்டது. புகையிலை கலந்த குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது. வெறும் பாக்கைப் பற்றித்தான் யாருக்கும் பயம் இல்லை. குழந்தை கையிலும் ஒரு துண்டு கொடுக்கிறார்கள்!

பாக்குப் பழக்கம் உள்ளவர், மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வாயில் வைத்துப் பார்க்கட்டும். நுழையாவிட்டால் அரசு ஆஸ்பத்திரிப் பல் டாக்டரிடம் உடனே காட்டவேண்டும். இறுகிய நார் முழுவதும் இளகாது. பாக்கை அன்றே விட்டால், மேலும் இறுகாமல் தடுக்க வழி உண்டு.