வரி வக்கீலுக்கு அரசுப் பணி: 35 வயதில் வாய்ப்பு உண்டா?

வரிச் சட்டத்தில் பிராக்டிஸ் பண்றீங்க. அரசுப் பக்கம் போக என்ன வழி? முக்கியமானவை மூன்று.

ஐஆர்எஸ்: யுபிஎஸ்சி சிவில் சர்வீசஸ் தேர்வு எழுதணும். எந்தப் பட்டமும் போதும். சட்டம் படித்தவருக்குத் தனிச் சலுகை கிடையாது.

ஸ்டாண்டிங் கவுன்சில்: வருமான வரித் துறைக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால், இது அரசு வேலை அல்ல. வழக்குக்கு இவ்வளவு என்று ஃபீஸ் மட்டும்தான், பென்ஷன் இல்லை.

தீர்ப்பாய உறுப்பினர்: ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினராக வக்கீல்களுக்கு வழி திறந்தது 2023 டிசம்பர் சட்டத் திருத்தம்தான். மறைமுக வரி வழக்குகளில் அனுபவம், வக்கீலாக 10 ஆண்டு வேண்டும்.

அப்படியென்றால், 25 வயதில் பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் 35-இல் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. அதே திருத்தம் குறைந்தபட்ச வயதை 50 என வைத்தது. தகுதி வந்த பிறகும் 15 ஆண்டு காத்திருக்கணும். பதவிக் காலமோ 4 ஆண்டுதான். 50 வயதில், நன்றாக ஓடும் பிராக்டிஸை இதற்காக எத்தனை பேர் விடுவார்கள்?

தீர்ப்பாயங்கள் சீர்திருத்தச் சட்டத்தில் இருந்த இதே 50 வயது நிபந்தனையை, மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் ரத்து செய்தது. இளம் வக்கீல்கள் வரணும் என்றால், ஜிஎஸ்டி சட்டத்திலும் அந்த வரி மாறணும்.