ஏட்டுச் சுரைக்காயும் பள்ளித் தோட்டமும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். ஆரம்பப் பள்ளியின் சுவரில் சுரைக்காய்ப் படம் தொங்குகிறது. குழந்தையும் அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து விடுகிறது. ஆனால் சுரைப் பூ எந்த நேரத்தில் மலரும் என்று கேட்டால், பட்டணத்துக் குழந்தை மட்டுமல்ல, கிராமத்துக் குழந்தையும் விழிக்கிறது. அந்தி நேரத்தில் மலரும் அந்த வெள்ளைப் பூவைக் கண்ணால் காட்ட, பள்ளிக்கூடத்து மூலையில் நாலு பாத்தி போதும்.

இது புதிய யோசனையன்று. 1840-ல் ஜெர்மனியில் புரோபெல் தமது பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்றே பெயரிட்டார். 1937-ல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கை வேலையையே படிப்பின் நடுவில் வைத்தது. 2019-ல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆகவே திட்டத்துக்குக் குறைவில்லை.

தமிழ்நாட்டில் இதற்குத் தனிப் பொருத்தமும் உண்டு. காமராஜர் ஆட்சியில் பரவிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவாக வளர்ந்தது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. அடுப்பு எரியும் இடத்துக்கு அருகிலேயே கீரை விளைவது எவ்வளவு நல்லது! நாலு பாத்திக் கீரை நூறு குழந்தைகளின் வயிற்றை நிரப்பி விடாது, உண்மைதான். ஆனால் தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரையைத் தட்டில் ஒதுக்கி வைக்கும் குழந்தை அபூர்வம்.

செலவும் பெரிதல்ல. ஜூனில் பள்ளி திறந்ததும் நிலத்தைக் கொத்தி, எருவிட்டு, ஆடிப் பட்டத்தில் விதைக்கலாம். பிஞ்சுக் கை இரு பக்கமும் எட்டும்படி பாத்தி மூன்றடி அகலம் இருந்தால் போதும். கீரை விதை பொடியானது. மணலோடு கலந்து தூவ வேண்டும். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். அரைக்கீரையோ, கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வேலியோரம் முருங்கையும் அகத்தியும் கறிவேப்பிலையும் நிற்கட்டும். குழந்தைகள் கை கழுவும் தண்ணீரை வாழைக்குத் திருப்பலாம். காய்கறித் தோலும் முட்டை ஓடும் குப்பைக் குழியில் மக்கி எருவாகும். ஆடு புகாத வேலி மட்டும் முதலிலேயே அவசியம்.

இவ்வளவு எளிதான காரியம் பல இடங்களில் ஏன் நிலைப்பதில்லை? தொடங்குவதற்கு விழா நடக்கிறது. காப்பதற்கு ஆள் இல்லை. கோடை விடுமுறை வருகிறது, கேட் பூட்டப்படுகிறது. கத்திரி வெயில் தன் வேலையைச் செய்கிறது. ஜூனில் குழந்தைகள் திரும்பி வரும்போது, நட்டவர் பெயர் பலகையில் இருக்கிறது. நட்ட செடி இல்லை. பெரியவர்களின் காரியமெல்லாம் படம் பிடிக்கும் வரைதான் என்ற பாடத்தை அன்று குழந்தை கற்றுக்கொள்கிறது. அதைவிடத் தோட்டமே போடாமலிருப்பது மேல்.

ஆகவே விதைக்குமுன் கோடைக்கு வழி செய்ய வேண்டும். கீரைகளை மார்ச்சுக்குள் முடித்து, விதை எடுத்து வைத்துவிடலாம். மரங்களுக்கு மட்டும் தண்ணீர் தேவை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு வீடு என்று முறை வைத்தால் விடுமுறை கடந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மண்வெட்டி தண்டனைக் கருவி ஆகக் கூடாது. தண்ணீர் சுமப்பது பெண் குழந்தைகளுக்கு, கொத்துவது இன்ன வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ற பாகுபாடும் கூடாது. எல்லாக் கையிலும் ஒரே மண் ஒட்ட வேண்டும். ஒரே பந்தியில் உண்ணும் குழந்தைகள் ஒரே பாத்தியில் உழைக்கவும் பழகினால், அந்த நாலு பாத்தியில் விளைவது கீரை மட்டுமாக இராது.