படிக்கட்டு வயல்களுக்கு வயது கூட்டுகிறவர்கள்

டியூப் லைட்டைக் கண்டுபிடித்தவர் அகாபிட்டோ ஃபுளோரஸ் என்ற பிலிப்பினோ. பிலிப்பைன்ஸில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பித்து வந்த பொது அறிவு இது. ஆதாரம் கேட்டால் உடனே ஒன்று கிடைக்கும்: அவர் பெயரிலிருந்துதானே 'ஃபுளோரசன்ட்' என்ற பெயரே வந்தது! அந்தப் பெயரை இங்கிலாந்தில் வேலை பார்த்த விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-லேயே ஃபுளோரைட் என்ற கனிமத்தை வைத்து உண்டாக்கிவிட்டார். கதையின்படியே பார்த்தாலும் நம் ஃபுளோரஸ் பிறந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில். பாதரச ஆவி விளக்குக்கு பீட்டர் கூப்பர் ஹெவிட் 1901-ல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் எட்மண்ட் கெர்மர் 1926-ல் ஃபுளோரசன்ட் விளக்குக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜெனரல் எலக்ட்ரிக் 1938-ல் குழல் விளக்கைக் கடைக்குக் கொண்டுவந்தது. இந்த வரிசையில் ஃபுளோரஸ் நுழைய இடமே இல்லை.

நிலவில் ஓடிய வண்டியின் கதையும் இதே ரகம்தான். அதை வடிவமைத்தவர் எடுவார்டோ சான் ஹுவான் என்ற பிலிப்பினோ என்பார்கள். அவர் லாக்ஹீட் நிறுவனத்தில் வேலை பார்த்த உண்மையான பொறியாளர். ஆனால் வண்டிக்கான ஒப்பந்தம் 1969 அக்டோபரில் போயிங்குக்குப் போனது. சக்கரமும் மோட்டாரும் ஜெனரல் மோட்டார்ஸின் கிளை நிறுவனத்தில் உருவாயின. அங்கே அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்கள் போலந்துக்காரர் பெக்கரும் ஹங்கேரிக்காரர் பாவ்லிக்ஸும். 1971 ஜூலையில் அப்பல்லோ 15 கொண்டுபோன வண்டி அவர்கள் கைவண்ணம். சான் ஹுவானுக்கு இதில் சேர வேண்டிய மரியாதை என்னவோ இருக்கலாம். மொத்த வண்டியையும் அவர் தலையில் தூக்கி வைப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

'இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்று ஒரு கேள்வி வரும். ஸ்பெயினிடம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல், அமெரிக்காவிடம் அரை நூற்றாண்டு, நடுவில் ஜப்பானியப் படையிடம் மூன்று ஆண்டு என்று அடிபட்ட நாடு அது. உன்னால் எதுவும் முடியாது என்று சொல்லியே ஆளப்பட்டவர்கள், உலகத்துக்கே வெளிச்சம் கொடுத்தது நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டால் நமக்கென்ன? இந்த வாதத்தில் இரக்கம் இருக்கிறது. நியாயம் இல்லை. பொய்யான 'முதல்' ஒன்று வந்து உட்காரும் இடம் காலி இடமாக இருப்பதில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு நிஜத்தை எழுப்பி விட்டுவிட்டுத்தான் அது உட்காருகிறது. என் சண்டை அந்த நிஜத்துக்காக.

யோ-யோவைப் பாருங்கள். பண்டைய பிலிப்பினோ வேட்டைக்காரர்கள் மரத்தில் உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய கல்லை விலங்கின் தலையில் எறிந்தார்கள், அந்த ஆயுதம்தான் பிறகு பொம்மையானது என்பது உலகம் முழுக்கப் பரவிய கதை. இதற்குச் சான்று என்று ஒரு துரும்பும் இல்லை. கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்கக் குவளை ஒன்றில் ஒரு சிறுவன் இதே விளையாட்டுப் பொருளோடு நிற்கிறான், அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நடந்தது என்ன? இலோகோஸ் நோர்தேயின் வின்டாரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பெட்ரோ ஃபுளோரஸ் (விளக்கு ஃபுளோரஸ் வேறு, இவர் வேறு) ஓட்டலில் பெட்டி தூக்கும் வேலை பார்த்தார். 1928-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோ-யோ செய்யும் கம்பெனி ஆரம்பித்தார். ஐரோப்பியப் பொம்மையில் நூலை அச்சில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். போகும், வரும், அவ்வளவுதான். பிலிப்பைன்ஸ் முறையில் நூலை அச்சைச் சுற்றித் தளர்வாக மாட்டுவார்கள். அதனால் சக்கரம் கீழே போய் அங்கேயே நின்று சுழலும், சுண்டினால் ஏறி வரும். இன்று யோ-யோவில் காட்டும் வித்தைகள் பெரும்பாலானவை அந்தத் தளர்ந்த முடிச்சில் தொங்குகின்றன. தானே கண்டுபிடித்ததாக ஃபுளோரஸ் சொல்லிக்கொண்டதும் இல்லை. அவரிடமிருந்து தொழிலை வாங்கிய டங்கன் கம்பெனி, யோ-யோ என்ற பெயர் தனக்கே சொந்தம் என்று வழக்காடியது. அது பிலிப்பைன்ஸில் எல்லோரும் புழங்கும் பெயர் என்று 1965-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓட்டலில் பெட்டி தூக்கிய ஒருவரின் மூளை, ஒரு நாட்டுப்புற நுட்பம், நீதிமன்றத்தில் தோற்ற பெரிய கம்பெனி என்று இத்தனை இருக்க, மரத்திலிருந்து கல்லெறியும் காட்டுவாசி எதற்கு? அந்தக் காட்டுவாசி, வெள்ளைக்காரர் மனதில் இருந்த பிலிப்பினோ. அவரைத்தான் இவர்கள் பெருமையென்று தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

பிலிப்பினோ குழந்தை மருத்துவர் ஃபே டெல் முண்டோ கதையில் எனக்கு வருத்தம் அதிகம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவி அவர்தான், 1936-ல், பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துச் சேர்த்துவிட்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. பட்டப்படிப்புக்கு அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1945-ல்தான். டெல் முண்டோ மணிலாவிலேயே மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டு, மேற்பயிற்சிக்காக அமெரிக்கா போனவர். சரி, இந்தக் கதையில் மறைந்துபோவது எது? இரண்டு மூங்கில் துணிக்கூடைகள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறியதைப் பெரியதற்குள் வைத்து, நடுவே உள்ள இடைவெளியில் வெந்நீர்ப் புட்டிகளைச் செருகி, குறைமாதக் குழந்தையை உள்ளே படுக்க வைத்தார். மின்சாரம் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கான இன்குபேட்டர். கேசோன் சிட்டியில் 1957-ல் குழந்தைகள் மருத்துவமனை திறக்கத் தன் வீட்டை விற்றவர், அந்த ஆஸ்பத்திரி மாடியிலேயே குடியிருந்தார். தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்த ஒரு மனுஷியின் வேலையை, ஏதோ ஓர் அமெரிக்கக் கல்லூரிக் குமாஸ்தா செய்ததாகச் சொல்லும் பிழையாகச் சுருக்கிவிட்டார்கள்.

அரசாங்கமே ஏமாந்த கதையும் உண்டு. நெக்ரோஸ் தீவைச் சேர்ந்த ஹோசே மார்கோ என்பவர் 1914-ல் மணிலா நூலகத்துக்குச் சில பழைய கையெழுத்துப் படிகளைக் கொடுத்தார். அவற்றில் 1433-ல் கலந்தியாவ் என்ற தலைவன் இயற்றியதாக ஒரு சட்டத் தொகுப்பு. குற்றவாளியை எறும்புக்குக் கடிக்கக் கொடு, முதலைக்குப் போடு என்கிற ரகம். ஸ்பானியருக்கு முன்பே எங்களிடம் எழுதப்பட்ட சட்டம் இருந்தது என்ற ஆசையில் பாடப்புத்தகங்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டன. மலைநாட்டில் சகாடா என்ற ஊரில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1968-ல் தன் ஆய்வேட்டில் எல்லாம் மார்கோவின் கைச்சரக்கு என்று நிறுவினார். மூன்று ஆண்டு கழித்து, 1971-ல், அதிபர் மார்கோஸின் அரசு என்ன செய்தது தெரியுமா? நீதித் துறையில் சிறந்தவர்களுக்குக் 'கலந்தியாவ் விருது' என்று ஒன்றை ஏற்படுத்தியது. போலிப் பத்திரத்தின் பெயரால் நீதிபதிகளுக்குப் பதக்கம்! தேசிய வரலாற்று நிறுவனம் இதற்கு வரலாற்று அடிப்படை இல்லை என்று தீர்மானம் போட 2004 ஆகிவிட்டது.

இதற்கிடையில், 1989-ல், லகுனா ஏரியில் கலக்கும் லும்பாங் ஆற்று முகத்துவாரத்தில் மணல் அள்ளியபோது ஒரு செப்பேடு கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. பழைய மலாய் மொழி, காவி எழுத்து. அந்தக் காவி எழுத்து நம் பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது என்பது தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி. அதில் முதலையும் இல்லை, எறும்பும் இல்லை. நம்வரன் என்பவர் பட்ட தங்கக் கடன், ஒரு காட்டி எட்டு சுவர்ணம் எடை, முழுக்கத் தீர்ந்தது, அவர் மகளும் மற்ற சந்ததியும் பொறுப்பிலிருந்து விடுபட்டார்கள் என்று தொண்டோ தலைவனின் ஆணையால் எழுதித் தந்த ரசீது. கடன் கணக்கு, சாட்சி, எடை அளவு, வாரிசு உரிமை எல்லாம் தெரிந்த சமூகம் அது என்று காட்ட இந்த ஒரு ரசீது போதும். கலந்தியாவைத் தெரிந்த அளவுக்கு நம்வரனைத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

இனி இஃபுகாவ் வயல்களுக்கு வருகிறேன். லூசோன் தீவின் கோர்டில்லெரா மலையில், 1500 மீட்டர் உயரம் வரை, மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிக் கல்லும் மண்ணும் வைத்துச் சுவர் எழுப்பிய நெல் வயல்கள். பிலிப்பைன்ஸ் பெசோ நோட்டில் இடம்பெற்றவை. உலகின் எட்டாவது அதிசயம் என்பார்கள். அது இருக்கட்டும், எட்டாவது இடத்துக்கு உலகெங்கும் போட்டி உண்டு. வயது 2000 ஆண்டு என்கிறார்களே, அதுதான் என் பேச்சு.

இந்த எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்க ஆட்சியில் பள்ளி ஆசிரியர்களாக அங்கே போய், பிறகு மானுடவியலாளர்களான ஹென்றி ஓட்லி பேயரும் ராய் பார்ட்டனும் சொன்னது. மண்ணைத் தோண்டிச் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய மலையை, இந்தச் சின்னக் கருவிகளோடு, இவர்கள் வெட்டி முடிக்க எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று நின்று பார்த்துப் போட்ட மனக்கணக்கு. இரண்டாயிரம், மூவாயிரம் என்று வந்தது. அந்தக் கணக்குக்கு அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: இந்த மலைவாசிகள் வேகமாக எதையும் செய்திருக்க மாட்டார்கள்.

ஃபெலிக்ஸ் கீசிங் 1962-லேயே வேறு மாதிரி யோசித்தார். ஸ்பானியர் சமவெளிக்கு வந்த பிறகு, மாகாட் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறித் தப்பியவர்கள் உண்டாக்கியவை இந்த வயல்கள் என்றார். இந்த நூற்றாண்டில் பிலிப்பினோ தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோ மண்வெட்டியை எடுத்தார். வயல் சுவர்களில் எடுத்த கரிமத் துகள்களின் காலக்கணக்கை 2009-ல் வெளியிட்டார். பிறகு பழைய கியாங்கன் ஊர் இருந்த இடத்தில், உள்ளூர் மக்களையும் சேர்த்துக்கொண்டு அகழாய்வு நடந்தது. ஆழத்து அடுக்குகளில் கிடைத்தது சேப்பங்கிழங்கின் தடயம். நீர் கட்டிப் பயிரிடும் நெல் அங்கே பதினேழாம் நூற்றாண்டு வாக்கில்தான் தலைகாட்டுகிறது. அதே காலத்தில் சீனப் பீங்கானும் பாசிமணியும் ஊரில் பெருகுகின்றன.

சேர்த்துப் பாருங்கள். 1571-ல் மணிலா ஸ்பானியர் கைக்குப் போகிறது. அடுத்தடுத்து வடக்கே பள்ளத்தாக்குகளுக்குப் படையும் பாதிரியும் வருகிறார்கள். மலைக்கு ஏறி வந்த கூட்டத்துக்குச் சோறு வேண்டும். சடங்கும் விருந்தும் ஊர்க்கூட்டமும் கூடிய ஒரு சமூகம், மலையை மளமளவென்று வெட்டித் தண்ணீரைத் திருப்பி நெல் போடுகிறது. எதிரி வந்து வந்து பார்த்தும் அந்த மலையைத் தன் முழுப் பிடிக்குள் கொண்டுவர முடியவில்லை. ஸ்பெயினை எதிர்த்த போராட்டம் என்றால் புரட்சித் தலைவர் போனிஃபாசியோவின் அரிவாளை நினைக்கும் நாட்டில், இந்த வரப்புகளையும் அந்தக் கணக்கில் அல்லவா சேர்க்க வேண்டும்?

1970-களில் ராபர்ட் மாஹர் எடுத்த சில காலக்கணக்குகள் ஆயிரம் ஆண்டைத் தாண்டுகின்றன என்று எதிர்த்தரப்பு சொல்லும். உண்மைதான். மலையில் ஆள் இருந்த காலம் அது. அங்கே யாருமே இல்லை என்று அகபாடோவும் சொல்லவில்லை. ஆள் இருந்தான் என்பதாலேயே வயலும் இருந்தது என்று ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் யுனெஸ்கோவின் அறிமுகக் குறிப்பு 2000 ஆண்டு என்றுதான் தொடங்குகிறது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் பனாவே காட்சிமேடையின் கீழே தெரியும் வயல்கள் யுனெஸ்கோ 1995-ல் பட்டியலிட்ட ஐந்து தொகுதிகளில் இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. படாட், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், நாகாகடான் ஆகியவைதான் அந்த ஐந்து.

வயதைக் கூட்டினால் கௌரவம் கூடும் என்ற நினைப்பு செய்த கெடுதல் இதுதான்: 2000 ஆண்டு நின்றது இனியும் நிற்கும் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். 2001-ல் யுனெஸ்கோ அந்த வயல்களை ஆபத்துப் பட்டியலில் வைத்தது. வெளியே எடுக்க 2012 ஆனது. மேலே உள்ள முயோங் என்ற குடும்பக் காடுகள் அழிந்தால் மடையில் தண்ணீர் வராது. சுவர் சரிந்தால் உடனே எடுத்துக் கட்ட ஆள் வேண்டும். அங்கே விளையும் தினாவோன் நெல் வருஷத்துக்கு ஒரு போகம்; அந்த ஒரு போகத்தை நம்பிப் பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லை. இந்த மனிதர்களைப் பழங்காலப் பொருளின் காவலாளிகளாக நினைக்கும் அதிகாரி, நுழைவுச் சீட்டுக்கும் காட்சிமேடைக்கும் காசு ஒதுக்குவார். சில நூற்றாண்டுக்கு முன் மலையையே மாற்றியவர்களின் வாரிசுகள் என்று நினைக்கும் அதிகாரி, மடைக்கும் காட்டுக்கும் நெல்லின் விலைக்கும் ஒதுக்குவார்.

அறிமுகக் குறிப்பை யுனெஸ்கோ திருத்தட்டும். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் பேயரின் மனக்கணக்கை அடித்துவிட்டு, பழைய கியாங்கனில் கிடைத்ததைப் போடட்டும். அந்தப் பக்கத்தில் இடம் மிஞ்சினால் இரண்டு மூங்கில் கூடைகளின் படத்தையும், நம்வரனின் கடன் ரசீதையும் சேர்க்கட்டும். டியூப் லைட்டை மட்டும் கெர்மரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.