ஆறிய சோறு யாருடைய பங்கு?



அண்மையில் கற்பிட்டியிலிருந்து படகேறி உச்சமுனைக்குப் போயிருந்தேன். நான் சென்ற வீட்டு அக்கா, தணல் அடுப்பில் பெரிய பானை நிறையக் கொதிநீர் வைத்து, அதற்குள் கறிச்சட்டியை இறக்கி மூடியிருந்தார். கடலுக்குப் போன மகன் வரும்வரை கறி ஆறக் கூடாதாம்.

உல்லாச விடுதிகளின் விருந்து மேசையிலும் இதே ஏற்பாடுதான். உணவுத் தட்டின் கீழே வெந்நீர், அதன் கீழே சிறு நெருப்பு. நெருப்பு நேரே படாததால் கறி அடிப்பிடிக்காது.

"நீங்கள் சாப்பிட்டீங்களா அக்கா?"

"பிள்ளை வரட்டும் மிஸ். எனக்கு ஆறினதும் காணும்."

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். முகாமில் வாங்கிய சோறு முதலில் பிள்ளைகளுக்கு; மிஞ்சினால் தனக்கு. முகாம் வாழ்க்கை முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆறிய உணவில் ஆபத்தும் உண்டு. 60 பாகைக்குக் குறைந்த இளஞ்சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோறும் தேங்காய்ப்பால் கறியும் மணிக்கணக்கில் அப்படிக் கிடக்கக் கூடாது. மூடியைத் திறந்தால் ஆவி பறக்க வேண்டும்.

2022இல் எரிவாயு கிடைக்காமல் மீண்டும் விறகுக்கு அலைந்தோமே. உலகப் போர்க் காலங்களில் ஐரோப்பியப் பெண்கள் எரிபொருளை மிச்சம் பிடிக்க வைக்கோல் பெட்டியில் சமைத்தார்கள். புத்தளத்தில் நமக்குத் தென்னந்தும்பு இருக்கிறது. ஒரு பெட்டியில் சுற்றிலும் அடியிலும் அரைச் சாண் அளவுக்குக் காய்ந்த தும்பை அடையுங்கள். பருப்பைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, சட்டியை இறுக மூடி உள்ளே வையுங்கள். மேலே தும்புத் தலையணை. சட்டியின் அடியில் தணல் ஒட்டியிருக்கக் கூடாது, கவனம். இடையில் திறக்காவிட்டால், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் பருப்பு அவிந்துவிடும். உண்ணுமுன் ஒருமுறை கொதிக்க விடுங்கள்.

விறகு மிச்சமாகும். ஆனால் உங்கள் பங்கை யார் சூடாக வைப்பது? குடும்பத்தைச் சுமப்பவளின் உடம்பும் அந்த வீட்டின் சொத்துத்தானே.

அன்று அக்கா எனக்குச் சோறு போட்டார். "நீங்களும் இருந்தால்தான் சாப்பிடுவேன்" என்றேன். தயங்கித் தயங்கி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். மகனின் பங்கு பானைக்குள் பத்திரமாக இருந்தது.

முதல் வாயை வைத்ததும் சிரித்தார்: "கறி நல்லாச் சுடுது மிஸ்!"