சொல் கேட்காத அவை

ஆப்பிரிக்க இசைக்கலைஞர்கள் ஐரோப்பிய, அமெரிக்க அரங்குகளில் பெரும் வரவேற்புப் பெறுகின்றனர். அது மகிழத்தக்கதே. ஆனால் அந்த அவை எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதை, பிறமொழி மாநிலத்தில் வாழும் தமிழராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 'ஜெலி' எனப்படும் பரம்பரைப் பாடகர்கள் உள்ளனர். நம் சங்ககாலப் பாணர்களை ஒத்தவர்கள். பாணர் கையில் யாழ் இருந்தது. இவர்கள் கையில் 21 நரம்புகள் கொண்ட 'கோரா'. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி மாட்டுத்தோல் போர்த்திய கருவி அது. திருமண வீட்டில் ஜெலி அக்குடும்பத்து முன்னோர் புகழைப் பாட, கேட்போர் மனம் நெகிழ்ந்து பணம் அளிப்பர்.

வெளிநாட்டு அரங்கில் யாருடைய முன்னோரைப் பாடுவது? சொல் புரியாத அவைக்கு நரம்பின் ஒலியே எஞ்சுகிறது. 1988-இல் வெளிவந்த தூமானி டியாபட்டேயின் 'கைரா' இசைத்தட்டில் பாட்டே இல்லை. கோரா மட்டுமே ஒலிக்கிறது. 2024-இல் மறைந்த அவர் பெரும் மேதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை மட்டும் கேட்டவர், ஜெலியின் கலையில் பாதியையே அறிந்தவர்.

நம் திருவனந்தபுரத்திலும் இது நிகழ்கிறது. ஓண வார விழாவின் நிறைவு ஊர்வலத்தில் கலைக்குழுக்கள் ஆடிப்பாடிச் செல்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் படம் எடுக்கின்றனர். நடந்துகொண்டே எந்தக் கலைஞரால் கதை சொல்ல முடியும்?

பயணிகளை நான் குறை கூறவில்லை. கலைஞருக்கு அதனால் வருமானமும் உண்டு. என் கவலை நம் பிள்ளைகளைப் பற்றியது. 1956 வரை இவ்வூரோடு ஒரே மாநிலத்தில் இருந்த கன்னியாகுமரிப் பகுதியின் வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வில்லும் குடமும் உடுக்கையும் அவர்களுக்குப் பிடிக்கின்றன. முத்துப்பட்டன் கதையைச் சொன்னால் விழிக்கின்றனர். தமிழ்வீட்டில் பிறந்தும் அவர்கள் அயல் அவையாகி வருகின்றனர்.

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுவிழாவில் அரைமணி நேரம் வில்லடிக்கச் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு கதையை முழுமையாகப் பாடச் செய்யட்டும். கதைச் சுருக்கத்தை முன்னதாகவே அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கட்டும். பெற்றோர் அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி அழைத்து வரட்டும். பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரருடன் சேர்ந்து பிள்ளைகளும் "ஆமாம்" போட்டால், அதைவிட வேறென்ன பொன்னாடை வேண்டும் அந்தக் கலைஞருக்கு!