கிளட்ச் போல்ட்டைக் கவனியுங்கள், தம்பிகளே!

சிவகாசிக்காரர்களுக்கு உரசலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீப்பெட்டிப் பக்கத்தில் குச்சி உரசினால்தான் பிழைப்பு. பட்டாசு அறைக்குள் இரும்பு உரசினால் பிழைப்போடு உயிரும் போய்விடும். மருந்து இருக்கும் அறையில் இரும்புக் கருவிகளுக்கு அனுமதி இல்லாததும், ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

உரசலை நம்பியே ஓடும் வண்டி ஒன்றும் விருதுநகர் மாவட்டத்துத் தெருக்களில் உண்டு. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.! வாழைத்தாரோ, அரிசி மூட்டையோ, எதை ஏற்றினாலும் போகும். கிளட்ச் பிடி கிடையாது, கியர் மாற்ற வேண்டாம், ஆக்சிலேட்டரை முறுக்கினால் போதும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உள்ளே ஸ்பிரிங் பிடித்து வைத்திருக்கும் ஷூக்கள் வெளிப்பக்கமாக விரிந்து, சுற்றியிருக்கும் டிரம்மை உரசிப் பிடிக்கின்றன. டிரம் சுற்றினால் வண்டி நகரும். வேகம் குறைந்தால் ஷூக்கள் உள்ளே சுருங்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் வண்டி நிற்கும். இதற்குப் பெயர் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்.

பொறியியல் மாணவர்கள் ராப்பகலாகப் பட்டறையில் கிடந்து கட்டும் பல கோ-கார்ட்களிலும் இதே கிளட்ச்தான். 1956-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் முதல் கார்ட்டைக் கட்டியபோது மாட்டியது புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை. இன்றும் ஹோண்டா ஜி.எக்ஸ். 200 போல, தண்ணீர் பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் பயன்படும் எஞ்சின்கள் கார்ட்டில் ஏறுகின்றன. எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கிராங்க் தண்டில் கிளட்ச்சைச் செருகி, சுழலாமல் இருக்க ஒரு சின்னக் கீ வைத்து, தண்டின் முனையில் வாஷரோடு ஒரே ஒரு போல்ட்டை முடுக்குவார்கள். நிமிடத்துக்கு 3,600 முறை சுழலும் கிளட்ச் தண்டைவிட்டு வெளியே வராமல் காப்பது, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத அந்தப் போல்ட்தான். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது அதற்குப் பக்கத்திலேயே.

போல்ட் தளர்ந்தால் முதலில் கிளட்ச் ஆடும். பிறகு கீ தேயும், அது உட்காரும் பள்ளமும் தேயும். அதோடு கிராங்க்கையே மாற்ற வேண்டிய செலவு. அதற்குள் கிளட்ச் வழுக்கி வெளியே வந்துவிட்டால் செயின் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே வரை வண்டியை ஏற்றிக்கொண்டு போய், இரண்டாவது சுற்றிலேயே இப்படி நின்றால் ஒரு வருட உழைப்பு வீண்.

சரி, இந்தப் போல்ட்டை எப்படிக் கழற்றுவது? செயின் கவசத்தைக் கழற்றி, எஞ்சினைக் கொஞ்சம் பின் அச்சின் பக்கமாகத் தள்ளிச் செயினைத் தளர்த்தினால் போல்ட் தலை தெரியும். சட்டத்தின் குழாய் மறைத்தால் எஞ்சினையே தூக்கி வெளியே வைப்பது நல்லது. சாய்வாக ஸ்பேனர் மாட்டி மூலையைத் தேய்த்துவிட்டால் அப்புறம் அரை நாள் அவஸ்தை.

பலரும் ஏமாறும் இடம் அடுத்தது. பின் சக்கரத்தை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு ஸ்பேனரைப் போடுவார்கள். போல்ட்டோடு சேர்ந்து கிராங்க்கும் சுற்றும்! எஞ்சின் நின்றிருக்கும்போது ஷூ டிரம்மைப் பிடிப்பதில்லையே. நிறுத்த வேண்டியது கிராங்க்கை. அதற்குப் பழைய மெக்கானிக்குகளின் வழி கயிறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் அமுக்கும் சுற்றில் பாதி ஏறியிருக்கும்போது, பிசிறில்லாத நைலான் கயிற்றை பிளக் துளை வழியே உள்ளே விடுவார்கள். முனை வெளியே தொங்க வேண்டும். பிஸ்டன் கயிற்றில் முட்டி நிற்க, போல்ட் கழன்று வரும். இந்த நேரத்தில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை. திரும்ப இறுக்கும்போது கிராங்க் எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகு கயிற்றை விட வேண்டும்.

கிளட்ச் வர மறுத்தால் சுத்தியலை எடுக்கவே கூடாது. தண்டின் முனையில் ஓங்கி அடித்தால் கிராங்க் வளைய வாய்ப்பு உண்டு. புல்லர் போட்டால் பொறுமையாக வரும்.

மாட்டும்போது பார்க்க வேண்டியது மரை. ஜி.எக்ஸ். எஞ்சினின் முக்கால் அங்குலத் தண்டில் 5/16 அங்குலப் போல்ட், அங்குலத்துக்கு 24 மரை. 20 மி.மீ. தண்டு என்றால் எம்8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடையில் சுலபமாகக் கிடைப்பது எம்8. அதை அங்குல மரைக்குள் பலவந்தமாக ஏற்றினால் கிராங்க்கின் மரை போச்சு. “தம்பி, இது இன்ச் திரெட்டு, முதல்ல கையால ஏத்திப் பாருங்க” என்று சொல்ல பட்டறையில் ஓர் அண்ணாச்சி இருந்தால் அந்த அணி கொடுத்து வைத்தது. கையால் நான்கு சுற்று ஏறினால்தான் ஸ்பேனர்.

மரையில் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு, நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டவே வேண்டாம். அது இறுகிவிட்டால் சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும், பெட்ரோல் டேங்க்கோ எஞ்சின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. சிவகாசியில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீலமும் முழுதாக இறுக ஒரு நாள் ஆகும், எனவே பந்தயத்துக்கு முந்தைய நாளே போட்டுவிடுவது உத்தமம். அது ஷூவில் சிந்தினால் கிளட்ச் வழுக்கும். இறுக்கும் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச்சை வாடகைக்காவது வாங்கலாம். ‘கை பழக்கம்’ இங்கே போதாது.

வாஷரும் முக்கியம். அது அகலமாக இருந்து டிரம்மையும் சேர்த்து அழுத்தினால் டிரம் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை ஸ்டார்ட் செய்த நொடியில் ஆளே ஏறாமல் வண்டி பாயும். அதனால் போல்ட்டை இறுக்கியதும் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுற்ற வேண்டும். முதல் ஸ்டார்ட்டின்போது பின் சக்கரம் ஸ்டாண்டின் மேல், தரையைத் தொடாமல் இருக்கட்டும்.

வேடிக்கை பார்க்க வரும் வீட்டாருக்கும் ஒன்று உண்டு. 2018-ல் ஹரியானாவின் பிஞ்சோரில், கார்ட் சக்கரத்தில் தலைமுடி சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார். துப்பட்டாவையும் பின்னலையும் முடிந்து, ஹெல்மெட்டுக்குள்ளோ சட்டைக்குள்ளோ செருகிக்கொண்டுதான் யாரும் கார்ட்டில் ஏற வேண்டும்.

கடைசியாக, போல்ட் தலையிலிருந்து வாஷர் வரை நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அக்கா தங்கையிடம் கேட்டால் தராமலா போவார்கள்! முதல் ஐந்தாறு சுற்றுகள் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது, மறுபடி கழற்றி முதலிலிருந்து மாட்ட வேண்டும். நேராக இருந்தால் செயின் கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.