கையைக் கொஞ்சம் கவனியுங்கள், சகோதரிகளே!

"விரலெல்லாம் வெடிச்சு எரியுது, புளி கரைக்கக்கூட முடியலை" என்று மார்கழி பிறந்தாலே வீட்டுக்கு வீடு ஒரு புலம்பல் கேட்கும். ஏதாவது க்ரீம் தடவக் கூடாதா என்றால், "அதெல்லாம் வயசுப் பொண்ணுங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு!" என்று பதில் வரும். இந்த எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செல்கள்தான் செங்கல், நடுவில் உள்ள கொழுப்புதான் பூச்சுக் கலவை. பாத்திரம் தேய்க்கிற பவுடரும், துணி சோப்பும் அழுக்கோடு இந்தக் கொழுப்பையும் வழித்துக்கொண்டு போய்விடுகின்றன. சுவரில் விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். சோப்பும் மிளகாய்க் காரமும் உள்ளே போகும். அரிப்பும் எரிச்சலும் வருவது அதனால்தான்.

ஈரம் காக்கும் க்ரீம் இந்த விரிசலை அடைக்கிறது. அதிலுள்ள கிளிசரின் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலியம் ஜெல்லியோ மேலே மூடி போட்டாற்போல் ஈரத்தைப் போக விடாது. விலை கூடினால் பலன் கூடும் என்று நினைக்க வேண்டாம். வெறும் பெட்ரோலியம் ஜெல்லியே நன்றாக வேலை செய்யும். வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். எரிச்சல் உள்ள தோலுக்கு வாசனைப் பொருள் ஆகாது.

குளித்ததும், பாத்திரம் கழுவியதும், கையைத் துணியால் ஒற்றிவிட்டு, லேசாக ஈரம் இருக்கும்போதே தடவுங்கள். இரவு படுக்கும்போது தாராளமாகவே பூசலாம். வேலை செய்யும்போது மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். அதனடியில் சோப்பு தங்கிப் புண்ணாக்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. "பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க" என்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவாதீர்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். விடாமல் தடவினால் தோல் மெலிந்துபோகும். முகத்தில் பருவும் சிவப்பும் வரும். படர்தாமரையாக இருந்தால் உள்ளுக்குள்ளேயே பரவும். இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசே உத்தரவு போட்டது.

நீர் வடிந்தாலோ, சீழ் பிடித்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் அரித்தாலோ க்ரீமை நம்பியிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பித்தவெடிப்பைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது.

மாதச் சாமான் பட்டியலில் சோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பா ஜெல்லியும் எழுதுங்கள். இது அலங்காரச் செலவு இல்லை; உழைக்கிற கைக்கு வைத்தியம். "எதுக்கு இது?" என்று வீட்டுக்காரர் கேட்டால், ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கச் சொல்லுங்கள். தானே புரிந்துவிடும்!